சீமைக்கருவேலத்தை என்ன செய்வது: பொக்லைன், கரிமூட்டம், மருந்து, விட்டுவைத்தல் – ஓர் ஒப்பீடு

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் தரிசாகிப்போன நிலத்தை மறுபடி உழவுக்குக் கொண்டுவர நினைப்பவர்களும், ஊர்க் கண்மாயைச் சீராக்க முனைகிற இளைஞர் குழுக்களும் முதலில் தயங்கி நிற்பது ஒரே கேள்வியில்தான். சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் விட்டு வேரோடு பிடுங்குவதா, கரிக்காரரிடம் வெட்ட விடுவதா, வெட்டிய அடிக்கட்டையான தூருக்குக் களைக்கொல்லி மருந்து வைப்பதா, இல்லை இப்போதைக்கு இருக்கட்டும் என்று விடுவதா? ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் வழியைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார்கள். பெரும்பாலோரிடம் இருக்கும் பணம் ஒருமுறை முயன்று பார்க்க மட்டுமே போதும் என்பதால், தவறான வழியைத் தேர்ந்துவிட்டால் நிலம் இன்னும் பத்தாண்டு முள்காடாகவே கிடக்கும்.

எந்த வழியில் அகற்றினோம் என்பதைக் காட்டிலும், அகற்றிய பின் வரும் மூன்று மழைக்காலங்களில் அந்த மண்ணில் என்ன முளைத்தது, அதை யார் கவனித்தார்கள் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. ஒரு நிலத்துக்குப் பொருந்துவது பக்கத்துக் கண்மாய்க் கரைக்குக் கேடாக முடியலாம்.

பரவும் விதம் தெரிந்தால்தான் வழியைத் தேர முடியும்

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களின் வறண்ட நிலங்கள். சென்னை மாகாண வனத்துறையில் காப்பாளராக இருந்த பெட்டோம், வறண்ட மாவட்டங்களில் எரிபொருளுக்காக இதை வளர்க்கலாம் என்று 1876இல் அரசுக்கு எழுதினார். அதன் விளைவாக ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகள் 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்புப் பாலை பரவுவதைத் தடுக்க வனத்துறையே 1960களில் இதை நட்டது. இலங்கையில் அம்பாந்தோட்டைப் பகுதியின் உவர் நிலங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது இன்று புந்தல தேசியப் பூங்காவுக்குள் அடர்ந்து நிற்கிறது. எங்கும் இது திருட்டுத்தனமாக நுழையவில்லை. விறகுக்கும் மண் காப்புக்கும் என்று நல்ல நோக்கத்தோடு கொண்டுவரப்பட்டு, பிறகு யார் கட்டுப்பாட்டிலும் நிற்காமல் போனது.

பரவலின் இயந்திரம் அதன் காய்தான். முற்றிய காய் வைக்கோல் நிறத்தில் லேசாக வளைந்து, கையில் எடுத்து ஒடித்தால் பிசுபிசுப்பான இனிப்புச் சதையோடு இருக்கும். கோடையில் வேறு தீவனமே இல்லாத நாளில் உதிர்கிற இந்தக் காயை ஆடும் மாடும் தேடித் தின்கின்றன. சதை செரித்துவிடுகிறது, கடினமான ஓட்டுக்குள் இருக்கும் விதை செரிக்காமல், மேலுறை மட்டும் இளகி, சாணத்தோடு விழுகிறது. முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் எருவும் அதன் கூடவே கிடைத்துவிடுகின்றன. விளைநிலத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடும் ஊர்களில், காட்டில் காய் தின்ற மந்தை இரவில் வயலில் அடைபடும்போது, எருவோடு விதையும் காசு கொடுத்து வாங்கப்படுகிறது. இதற்கு அடுத்தபடியாக வெள்ளம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் இரு பக்கமும் நிற்கும் மரங்களின் காய்கள் ஐப்பசி மழையில் மிதந்து, கண்மாயில் நீர் தேங்கும் பகுதியான உள்வாய்க்குள் வந்து ஒதுங்குகின்றன. தண்ணீர் வற்ற வற்ற, நீர் நின்ற விளிம்பை ஒட்டி வரிசையாக முளைத்திருப்பதைப் பங்குனியில் எந்தக் கண்மாயிலும் பார்க்கலாம்.

முளைத்தபின் அது செய்கிற கேடு மெதுவானது, ஆனால் முழுமையானது. அடர்ந்த புதராக நின்று வெளிச்சத்தை மறைக்கிறது. இலைச்சருகிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைக் குறைக்கின்றன. புல் போகிறது, புல்லை நம்பிய உயிர்களும் போகின்றன. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்தரைகள் சுருங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணங்களில் ஒன்று. அங்கே காட்டில் திரியும் குதிரைகள் காயைத் தின்று விதையைச் சுமந்து பரப்புகின்றன. கண்மாயிலும் கால்வாயிலும் தண்டுப் புதர்கள் வண்டலைத் தடுத்து நிறுத்துவதால் நீர்வழி குறுகி, தூர்ந்துபோகிறது.

அதே சமயம், இம்மரத்தைப் பற்றி மேடைகளில் சொல்லப்படுகிற பலவற்றுக்குச் சான்று கிடையாது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்பதும், நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்பதும், பறவை கூடு கட்டாது என்பதும் அப்படிப்பட்டவை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களில் கருவேல மரங்களோடு சீமைக்கருவேலத்திலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. வேர் ஆழம் போவது மட்டும் உண்மை. இதன் உறவு மரம் ஒன்றின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கக் குழி ஒன்றில் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. மற்ற செடிகள் இலையுதிர்த்து ஓய்கிற வறட்சியிலும் இது பச்சையாக நின்று நிலத்தடி நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. உண்மையான கேடுகளே போதுமானவை. பொய்யான காரணங்களைச் சேர்த்தால், எங்கே உடனே அகற்ற வேண்டும், எங்கே பொறுக்கலாம் என்ற நிதானம் போய்விடுகிறது.

எதை வைத்து எடைபோடுவது

வழிகளை ஒப்பிட ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, தூர் செத்துப்போகுமா? சீமைக்கருவேலம் பெரும்பாலும் பக்க வேர்த் துண்டுகளிலிருந்து துளிர்ப்பதில்லை. தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியில், தரைமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் இருக்கிற உறங்கு மொட்டுகளிலிருந்தே துளிர்க்கிறது. மேலாக வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள் கிளம்பும். தரைக்குக் கீழே ஏறத்தாழ ஓர் அடி வரை தூரைத் தோண்டி எடுத்துவிட்டால் கீழே தங்கும் வேர் மட்கிப்போகும். ஆகவே வேர் முழுதையும் பிடுங்கியாக வேண்டும் என்பது தேவையற்ற கவலை. கழுத்து வெளியே வந்ததா என்பதே கேள்வி.

இரண்டாவது, மண்ணில் கிடக்கும் விதையை அந்த வழி என்ன செய்கிறது? மூன்றாவது, கைச்செலவும் வரவும். இதில் முதல் நாள் செலவு மட்டுமல்லாமல் மூன்றாண்டுச் செலவையும் சேர்க்க வேண்டும். நான்காவது, மண்ணுக்கும் நீருக்கும் அங்கே ஏற்கெனவே பிழைத்திருக்கும் நாட்டு மரங்களுக்கும் என்ன ஆகிறது? ஐந்தாவது, அந்த மரத்தை நம்பி யார் அடுப்பு எரிகிறது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. வானம் பொய்த்து மிளகாயும் நெல்லும் கருகிய ஆண்டுகளில் இந்த மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்களைக் காப்பாற்றியது விறகு வெட்டும் கரியும்தான்.

பொக்லைன் விட்டுப் பிடுங்குதல்

வேகத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆட்கள் மாதக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை சில நாளில் முடிகிறது, அனுபவமுள்ள ஓட்டுநர் என்றால் தூரின் கழுத்து பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பட்டா நிலம், சமதரை, அடர்த்தியான முதிர்ந்த மரங்கள், அகற்றிய உடனே உழுது விதைக்கத் தயாரான உரிமையாளர் என்ற நான்கும் ஒன்றாக அமைந்தால் இதுவே சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, கிளறிய மண். மேல்மண்ணைப் புரட்டிப் போட்டதும் புதைந்து கிடந்த விதைகளுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கின்றன. அடுத்த மழைக்குக் கன்றுகள் பாத்தி போட்டதைப் போல எழும்பி நிற்கும். பொக்லைன் வாடகைக்குக் கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுத்துவிட்டவர், இந்தக் கன்றுகளைப் பிடுங்கக் கூலி இல்லாமல் இரண்டே ஆண்டில் பழைய நிலைக்குத் திரும்புவதுதான் தென் மாவட்டங்களில் மிக அதிகமாக நடக்கும் தோல்வி. மரம் ஒழியவில்லை என்று அவர் நினைக்கிறார். பழைய மரம் ஒழிந்துவிட்டது. நிற்பது புதுத் தலைமுறை.

இரண்டாவது, கண்மாய்க் கரை. கரையின் சரிவில் வேரோடிய மரத்தை இயந்திரம் இழுக்கும்போது, மண் பெயர்ந்து குழி விழுகிறது. அந்தக் குழியை ஈரமண் இட்டு இறுக்கி மூடாமல் விட்டால் அடுத்த வெள்ளத்தில் அங்கேதான் கரை கசியத் தொடங்கும். நீர் திறந்துவிடும் மடைக்கும் உபரிநீர் வழியும் கலுங்குக்கும் அருகில் இன்னும் ஆபத்து. கரையில் நிற்கும் மரத்தைப் பொக்லைனிடம் கொடுக்கவே கூடாது என்பேன்.

மூன்றாவது, உடன் சாகும் நாட்டு மரங்கள். புதருக்குள் நாட்டுக்கருவேலமும் உடைமரமும் வெள்வேலும் பனங்கன்றும் கலந்தே நிற்கும். இயந்திரத்தின் இருக்கையிலிருந்து பார்த்தால் எல்லாம் முள்தான். அடையாளம் கடினமானதன்று: நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும், காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்ததாகத் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குக் கதிராகத் தொங்கும், காயில் அந்த இடுக்கம் இராது. இயந்திரம் வருவதற்கு முந்தைய நாள், ஊரில் மரம் அறிந்த ஒருவர் நடந்துபோய்க் காக்க வேண்டியவற்றில் சுண்ணாம்பு பூசிவிட்டால் பத்து இருபது ஆண்டு வயதுள்ள மரங்கள் தப்பிக்கும். அரை நாள் வேலை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது நடப்பதில்லை.

வெட்டி விறகுக்கும் கரிக்கும் விடுதல்

இதில் நில உரிமையாளருக்குச் செலவு இல்லை, வரவு உண்டு. வெட்டுகிறவர் மரத்தைத் துண்டு போட்டு அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி மூடி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள் காவல் இருக்கிறார். மண் பூச்சில் வெடிப்பு விழுந்து காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் ஆள் விழித்திருக்க வேண்டும். வெளியேறும் புகை தடித்த வெண்மையிலிருந்து மெலிந்து நீலமாக மாறுவதைப் பார்த்து மூட்டம் வெந்ததை அறிகிறார்கள். நான்கைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைத்தால் நல்ல மூட்டம். அந்தப் புகையில் நாள் முழுவதும் நிற்பவர்களின் கண்ணும் மூச்சும் படும் பாட்டை யாரும் கூலியில் சேர்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆனால் இது ஒழிக்கும் வழி அன்று, அறுவடை. வழக்கமான ஒப்பந்தத்தில் மரம் தரையோடு வெட்டப்படுகிறது, தூர் அப்படியே நிற்கிறது, மூன்று முதல் ஐந்து ஆண்டில் அடுத்த வெட்டுக்குத் தயாராகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் புதர் அடர்த்தியாகிறது. மரத்திலிருந்து வருமானம் வரத் தொடங்கியதும் அதை ஒழிக்கும் எண்ணமே மெல்ல மறைந்துவிடுகிறது. பன்னி புல்வெளியில் 2004இல் வெட்டுத் தடை நீங்கிக் கரித்தொழில் பெருகியபோதும் மரம் பின்வாங்கவில்லை. பயன்படுத்தியே கட்டுப்படுத்தலாம் என்ற நம்பிக்கை கென்யாவிலும் பரப்பப்பட்டது. ஆனால் பாரிங்கோ ஏரிக்கரை மேய்ப்பர்களின் துன்பம் தீரவில்லை. இனிப்புக் காயைத் தொடர்ந்து தின்று பல்லிழந்த ஆட்டை அவர்கள் நீதிமன்றத்துக்கே சான்றாகக் கொண்டுபோன செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

இருந்தாலும், சிறு உரிமையாளருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியின் திருத்திய வடிவத்தைத்தான். தூர்க்கட்டையில் சுட்ட கரி கனமானது, நல்ல விலைக்குப் போவது. ஆகவே தூரையும் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைக் கரிக்காரர்கள் ஒரேயடியாக மறுப்பதில்லை. குத்தகைப் பணத்தைக் குறைத்துக்கொண்டால் ஒப்புக்கொள்வார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு தூரைச் சுற்றித் தோண்டி எடுக்கும்போது மண் அதிகம் கிளறப்படுவதில்லை, நாட்டு மரங்கள் தப்புகின்றன, ஊராருக்குக் கூலி கிடைக்கிறது. கால தாமதம் ஒன்றே குறை: பொக்லைன் ஒரு வாரத்தில் முடிப்பது இதில் ஒரு கோடை முழுவதும் இழுக்கும்.

தூருக்கு மருந்து வைத்தல்

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிரைக்ளோபைர் போன்ற களைக்கொல்லிகளை வெட்டிய தூரிலும் அடிப்பட்டையிலும் தடவி இதன் உறவு மரங்களைக் கொல்கிறார்கள். வெட்டிய சில நிமிடங்களுக்குள் தடவினால்தான் மருந்து உள்ளே இறங்கும். ஆறப்போட்டுத் தடவினால் வீண். நம் நிலைமையில் இதற்கு இடம் மிகக் குறைவு. கடைகளில் எளிதாகக் கிடைத்துவந்த கிளைபோசேட் மருந்தைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கட்டுப்படுத்திவிட்டது. ஆடு மாடு நீர் குடிக்கிற, மீன் வளர்க்கிற கண்மாய்க்குள் எந்தக் களைக்கொல்லியையும் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். தூரில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவதும் அதே கேடுதான், மண்ணும் கிணறும் கெடும்.

கட்டடச் சுவரை ஒட்டியோ, தோண்டவே முடியாத பாறை இடுக்கிலோ நிற்கும் ஒன்றிரண்டு மரங்களுக்கு, நீர்நிலையிலிருந்து தள்ளி, தகுதியுள்ள ஆள் வைத்துச் செய்யலாம். அங்கேயும் மாற்று உண்டு: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் துளிரைத் தவறாமல் ஒடித்துக்கொண்டே இருந்தால், வேரில் சேமித்த உணவு தீர்ந்து தூர் வலுவிழக்கும். கண்மாய்க் கரைக்கும் நான் சொல்வது இதைத்தான்.

வெட்டிப் போட்டுத் தீ வைப்பதைச் சிலர் கேட்கிறார்கள். இளங்கன்று சாகும், முதிர்ந்த தூர் தீயையும் தாங்கித் துளிர்க்கும். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பூச்சியை விட்டுக் கட்டுப்படுத்துதல்

இதன் உறவு மரங்களைக் கட்டுப்படுத்த, தென்னாப்பிரிக்காவில் 1980களிலிருந்து விதை தின்னும் வண்டுகளையும், ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 1990களின் இறுதியிலிருந்து இலையைச் சுருட்டித் தின்னும் அந்துப்பூச்சியையும் விட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மரத்தின் விறகும் காயும் வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்ததால் விதையை மட்டும் தாக்குகிற பூச்சிகளையே முதலில் தேர்ந்தார்கள். நின்ற மரங்களை அவை ஒன்றும் செய்யவில்லை. ஆடு மாடு காயை முந்திக்கொண்டு தின்றுவிடுகிற இடங்களில் வண்டுக்கு மிஞ்சுவதும் குறைவு.

தனி மனிதரோ ஊராட்சியோ எடுக்கிற முடிவு அன்று இது. இந்தியாவில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு: விருத்தாசலம் கோயிலின் தல மரமாக நிற்கிற வன்னி, சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. சீமைக்கருவேலத்தைத் தின்னக் கொண்டுவரும் பூச்சி வன்னியைத் தொடாது என்று சோதித்து உறுதிப்படுத்தாமல் ஒரு பூச்சியையும் விடக்கூடாது.

ஒழுங்குபடுத்தி விட்டுவைத்தல்

இதைச் சொன்னாலே சிலர் கோபப்படுகிறார்கள். ஆனால் சில இடங்களில் இதுவே பொறுப்பான முடிவு. வேறெதுவும் பிடிக்காத கடற்கரை உவர் நிலம், அகற்றினால் காற்றிலும் மழையிலும் மண் அரிக்கிற சரிவு, பறவைகள் கூடு கட்டியிருக்கிற கண்மாய்த் திட்டு, ஊரே விறகுக்கு நம்பியிருக்கிற புறம்போக்கு ஆகியவை அத்தகைய இடங்கள். அங்கே புதரைக் கழித்து, தூருக்கு ஒரு நல்ல தண்டை மட்டும் விட்டு, இடைவெளி கொடுத்து, இடையில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு, அவை நிழல் தரும் அளவுக்கு வளர்ந்தபின் படிப்படியாக வெட்டிக்கொண்டு வரலாம். பறவைகள் இருக்கும் இடத்தில் மாற்று மரம் எழும்பும் வரை பழையதைத் தொடவே கூடாது.

இதன் மறைமுகச் செலவை நீங்கள் கொடுப்பதில்லை, பக்கத்து நிலத்துக்காரர் கொடுக்கிறார். உங்கள் மரத்தில் காய்ப்பது அவர் வயலில் முளைக்கும். எனவே விட்டுவைப்பவர், காய் உதிரும் பருவத்தில் பொறுக்கி எடுத்து, அரைத்துத் தீவனமாக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். நன்றாக அரைத்தால் விதை உடைந்துவிடும். முழுக் காயாக ஆட்டுக்குப் போடுவது விதைப்புக்குச் சமம். இந்தப் பொறுப்பு இல்லாமல் சும்மா விடுவதை நான் ஒரு வழியாகவே கணக்கிடவில்லை.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | பொக்லைன் | தரையோடு வெட்டிக் கரிக்கு | தூரையும் தோண்டும் நிபந்தனையோடு கரிக்கு | மருந்து | ஒழுங்குபடுத்தி விடுதல் |
|---|---|---|---|---|---|
| தூர் சாகுமா | பெரும்பாலும் | இல்லை | ஆம், மேற்பார்வை இருந்தால் | சரியாகத் தடவினால் | இல்லை |
| மண்ணிலுள்ள விதை | கிளறி முளைக்கவைக்கும் | மாற்றமில்லை | சிறிதளவே கிளறும் | மாற்றமில்லை | காய் பொறுக்கினால் குறையும் |
| முதல் செலவு | மிக அதிகம் | வரவு | சிறு வரவு அல்லது சமம் | நடுத்தரம் | குறைவு |
| மூன்றாண்டுச் செலவு | கன்று பிடுங்கும் கூலி அதிகம் | ஒழிக்கவே முடியாது | கன்று பிடுங்கும் கூலி நடுத்தரம் | விதைக்கன்றுகளுக்குத் தனிச் செலவு | ஆண்டுதோறும் கவாத்து, காய் பொறுக்கல் |
| நாட்டு மரங்கள் | ஆபத்து | தப்பும் | தப்பும் | கவனமிருந்தால் தப்பும் | தப்பும் |
| ஊரார் பிழைப்பு | கூலி இல்லை | தொடரும் | ஒருமுறை நல்ல கூலி | இல்லை | தொடரும் |
| பொருந்தும் இடம் | சமதரைப் பட்டா நிலம் | ஒழிக்கும் நோக்கமில்லாத விறகுக்காடு | சிறு நிலம், கண்மாய் உள்வாய் | சுவரோரம், பாறை இடுக்கு | உவர் நிலம், பறவைத் திட்டு |

எந்த நிலத்துக்கு எது

ஐந்து ஏக்கருக்கு மேல் பட்டா நிலம், உடனே குதிரைவாலியோ சோளமோ எள்ளோ விதைக்க ஆளும் மாடும் அல்லது டிராக்டரும் இருக்கிறது என்றால் பொக்லைன். இரண்டு ஏக்கர், கையில் பணமில்லை, ஓராண்டு பொறுக்கலாம் என்றால் தூர் தோண்டும் நிபந்தனையோடு கரிக்காரர். உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கிற நிலம் என்றால், எந்த வழியிலும் இப்போது அகற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கவனிக்க ஆளில்லாத நிலத்தைச் சுத்தம் செய்வது புதுக் கன்றுகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதில்தான் முடியும். முதலில் உழக்கூடிய ஒருவருக்குக் குத்தகைக்கு விடுங்கள், அகற்றும் செலவைக் குத்தகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கண்மாய் என்றால் முதலில் அது யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளவை நீர்வளத்துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதியும் ஏலமும் இல்லாமல் வெட்டினால் நல்லெண்ணத்தோடு வந்த குழுவின் மீதே வழக்குப் பாயும். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளால் தமிழகம் முழுவதும் வேலை வேகமெடுத்ததும், அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற வாதத்தின் பேரில் அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு நில்லாமல் அங்கே நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் அது சேர்த்தே பேசுவது எனக்கு நிறைவளிக்கிறது. கண்மாய்க்குள் நடைமுறையில் உள்வாய்க்கு ஒரு வழி, கரைக்கு வேறு வழி என்று பிரித்துக்கொள்ள வேண்டும்: உள்வாயில் தூரோடு தோண்டி எடுப்பது, கரையில் துளிரை ஒடித்து ஒடித்து வலுவிழக்கச் செய்து பக்கத்திலேயே பனை விதை ஊன்றுவது.

எப்போது, எங்கிருந்து

வயலில் தை, மாசியில் வேலையைத் தொடங்கினால் கோடைக் காய் பழுத்து உதிர்வதற்குள் மரம் போய்விடும். கண்மாயில் தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரை வரை காத்திருக்கத்தான் வேண்டும்; அப்போது காய் தொங்கும் கிளைகளை வெட்டியவுடன் தனியே எடுத்து எரிக்க வேண்டும், வண்டியில் ஏற்றி ஊர்ப் பாதை முழுக்கச் சிந்திக்கொண்டு போகக்கூடாது. ஐப்பசி மழைக்குப் பின் முளைக்கும் கன்று முதலில் ஆணிவேரைத்தான் ஆழமாக இறக்கும். கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு கையால் உருவி எடுக்கலாம். தை பிறந்து மண் இறுகிவிட்டால் அதே கன்றுக்குக் கடப்பாரை தேவைப்படும். எனவே கார்த்திகையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை என்று மூன்று ஆண்டுகளுக்குக் கூலியை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுத்தான் முதல் மரத்தில் கை வைக்க வேண்டும். அவ்வளவு ஒதுக்க முடியாவிட்டால் பரப்பைக் குறையுங்கள். ஐந்து ஏக்கரை அரைகுறையாகச் சுத்தம் செய்வதற்கு ஒரு ஏக்கரை முழுதாக மீட்பது மேல்.

அந்த மூன்று ஆண்டும் நிலம் வெறுமையாகக் கிடக்கக்கூடாது. அடர்ந்த நிழலில் இதன் கன்று தேறாது என்பதால் நெருக்கமாக விதைத்த தானியமோ, தீவனப் புல்லோ, பயறோ களையெடுப்பில் பாதியைத் தானே செய்துவிடும். கிடை போடுவதானால், காய் பருவத்தில் காட்டில் மேய்ந்துவந்த மந்தையை ஒரு வாரம் வேறிடத்தில் அடைத்துக் காய் இல்லாத தீவனம் கொடுத்தபின் வயலுக்குள் விடச் சொல்லுங்கள். கிடைக்காரருக்கு அது கூடுதல் சிரமம், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம்.

வேலையைத் தொடங்கும் இடம் எப்போதும் வரத்துக்காலின் மேல்பக்கமாக இருக்கட்டும். கண்மாயை முதலில் சுத்தம் செய்து கால்வாயை அடுத்த ஆண்டுக்கு என்று ஒத்திவைத்தால், இடையில் வரும் மழை மேலே நிற்கும் மரங்களின் காயை மறுபடி உள்வாய்க்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்கும். மேலூர்க்காரர்களோடு பேசி இரண்டு ஊரும் ஒரே கோடையில் செய்ய முடிந்தால், அதற்காக ஓராண்டு காத்திருப்பதுகூட இழப்பன்று.